நெடுங்கணக்கும் குறியீட்டு அட்டவணையும்

மொழியை எழுதுதற்கெனச் செய்யப்படும் கருவி எதுவாயினும், அஃது அம்மொழியைப் பற்றிய ஒரு கருத்தையும் தன்னுள் அடக்கி நிற்கும். எழுத்தாணியைச் செய்தவன் ஓலையின் இயல்பை எண்ணினான். அச்செழுத்து வார்த்தவன் அச்சுக் கோப்போன் கைக்கெட்டும் அறைகளின் தொகையை எண்ணினான். தட்டச்சுப் பொறி அமைத்தவன் விசைகளின் தொகையை எண்ணினான். அவரவர் எண்ணியவாறே எழுத்தும் தன்னைச் சுருக்கியும் விரித்தும் திருத்தியும் கொண்டது. ஆதலின், நூலைத் திறனாய்தல் போன்றே கருவியின் அமைப்பையும் திறனாய்தல் தமிழாராய்ச்சியின் பாற்பட்டதே ஆகும்.

இன்று தமிழில் எழுதப்படுவனவற்றுள் பெரும்பகுதி கணிப்பொறியின் வழியே எழுதப்படுகின்றது. அதற்கு அடிப்படையாய் நிற்பது ஒருங்குறி எனப்படும் யூனிகோடு அட்டவணையாகும். அவ்வட்டவணையின் தமிழ்ப் பகுதியை ஒரு நூலாகக் கொண்டு, அது தமிழ் எழுத்திலக்கணத்திற்கு முரணானது என்று பலரும் கூறும் குற்றச்சாட்டு எத்துணை உண்மை, குறை உண்டாயின் அஃது எவ்விடத்தது, அதன் சுமையை யார் தாங்குகின்றனர் என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை ஆராய்கின்றது.

1. கருவிக்கேற்ற எழுத்து

மெய்யெழுத்துப் புள்ளியொடு நிற்கும் என்பதும், எகர ஒகரங்களும் புள்ளி பெறும் என்பதும் தொல்காப்பியம் நூன்மரபிற் காணப்படும் விதிகள். ஆயின், நமக்குக் கிடைத்துள்ள ஓலைச்சுவடிகளுட் பெரும்பாலானவற்றில் புள்ளி இடப்படவில்லை. கூரிய எழுத்தாணியால் புள்ளி குத்தின் ஓலை துளைபடும் என்று அதற்குக் காரணம் கூறுவர். காரணம் எதுவாயினும் விளைவு ஒன்றே. எழுதுவோன் உழைப்புக் குறைந்தது. படிப்போன் உழைப்பு மிகுந்தது. எகரமோ ஏகாரமோ, மெய்யோ உயிர்மெய்யோ என்பதனை இடம் நோக்கித் தெளியும் கடமை படிப்போன்மேல் ஏறிற்று. சுவடிகளைப் பதிப்பித்த சான்றோர் பட்ட இடர்களுள் இதுவும் ஒன்று. கருவி ஒரு சுமையைக் குறைக்கும்போது அச்சுமை பெரும்பாலும் அழிவதில்லை. வேறொருவர் தோளுக்கு மாறுகின்றது. இவ்வுண்மை பின்வரும் ஆராய்ச்சிக்கு அடிப்படையாகும்.

தமிழ் எழுத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் வெளிவந்தது. தரங்கம்பாடியில் 1713 முதல் தமிழ் அச்சு வேலை நிலைபெற்றது. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வடிவால் வேறுபடுத்திய சீர்திருத்தம் வீரமாமுனிவர் பெயரோடு இணைத்துக் கூறப்படுகின்றது. ஓலை மறைத்த வேறுபாட்டை அச்சு இவ்வாறு மீட்டுத் தந்தது.

இருபதாம் நூற்றாண்டில் வந்த தட்டச்சுப் பொறி மற்றொரு நெருக்கடியைத் தோற்றுவித்தது. 247 எழுத்துகளை ஐம்பதுக்குக் குறைவான விசைகளில் அடக்க வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்திற் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா இதனைத் திறம்படச் செய்தார். எழுத்துகளை உறுப்புகளாகப் பிரித்தும், அடித்தபின் தாளை நகர்த்தாத விசைகளை அமைத்தும் இடர் தீர்க்கப்பட்டது. ஆயின் அப்பொறியில் எழுத்தின் ஒலி முறைக்கு இடமில்லை. 'கொ' என்பதனை எழுத ஒற்றைக் கொம்பு, ககரம், கால் என மூன்று முறை அடிக்க வேண்டும். அங்கே எழுத்து என்பது தாளில் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாக வைக்கப்படும் கோடுகளின் வரிசையே.

பெரியார் 1935-இல் குடி அரசு இதழில் மேற்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்தின் ஒரு பகுதியைத் தமிழ்நாட்டு அரசு 1978-இல் ஏற்றது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய பதின்மூன்று உயிர்மெய்கள் பழைய வடிவம் நீங்கிப் புதுவடிவம் பெற்றன. கற்போர்க்கு எளிமையோடு அச்சுக்கும் தட்டச்சுக்கும் எளிமை என்பதும் அதற்குக் காட்டப்பட்ட காரணங்களுள் ஒன்று. தட்டச்சுப் பொறி இன்று அருங்காட்சிப் பொருளாகி வருகின்றது. அதற்கும் ஏற்றதாகக் கருதப்பட்ட வடிவங்களோ நிலைத்துவிட்டன. கருவி மறைந்த பின்னும் அதன் விளைவு மறைவதில்லை.

2. வெற்றிடங்கள் கூறும் செய்தி

ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991-இல் வெளிவந்தது. அதில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அவ்விடங்களில் எழுத்துகள் நிறுத்தப்பட்ட முறை தமிழ் நெடுங்கணக்கு முறையன்று. இந்திய அரசின் சார்பில் இந்திய எழுத்துகள் அனைத்திற்கும் பொதுவாக வகுக்கப்பட்ட இஸ்கி என்னும் குறியீட்டின் 1988-ஆம் ஆண்டு வடிவமே அதற்கு மூலமாகும். ஓர் எழுத்தில் எழுதியதைப் பிறிதோர் எழுத்தில் எளிதின் மாற்றவேண்டும் என்பது இஸ்கியின் நோக்கம். அதனால் தேவநாகரியின் வரிசையை ஒட்டி எல்லா எழுத்துகளும் ஒரே சட்டகத்தில் அடுக்கப்பட்டன.

சுவடி ஆராய்வோர் எழுத்தை நோக்குவது போன்றே சிதைந்த இடங்களையும் நோக்குவர். அம்முறையில் இவ்வட்டவணையை நோக்கின், அதன் வெற்றிடங்களே அதன் வரலாற்றைக் கூறுகின்றன. ககரத்திற்கும் ஙகரத்திற்கும் இடையே மூன்று இடங்கள் வெறுமையாக உள்ளன. டகரத்திற்கும் ணகரத்திற்கும் இடையேயும், பகரத்திற்கும் மகரத்திற்கும் இடையேயும், தகரத்தை அடுத்தும் அவ்வாறே மும்மூன்று இடங்கள் வெறுமையாக உள்ளன. வடமொழி வருக்க எழுத்துகளுக்கு உரிய இருக்கைகள் அவை. தமிழில் அவ்வெழுத்துகள் இன்மையின் வெறுமையாக விடப்பட்டன. சகரத்திற்கும் ஞகரத்திற்கும் இடையே ஜகரம் அமர்ந்துள்ளது. தமிழ் நெடுங்கணக்கின் இறுதியில் நிற்கும் ழகர ளகர றகர னகரங்கள், பிற எழுத்துச் சட்டகத்தில் தமக்கு இனமெனக் கருதப்பட்டவற்றின் அருகே கொண்டு நிறுத்தப்பட்டன. நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும், லகரத்தை அடுத்து ளகரமும் ழகரமும், அவற்றின் பின்னர் வகரமும் வருகின்றன.

இங்ஙனம் வேறொரு வீட்டின் வரைபடத்தைக் கொண்டு தமிழுக்கு வீடு கட்டப்பட்டது. இதனைச் சூழ்ச்சி என்று கூறுதல் பொருந்தாது. பொதுமை வேண்டி நின்றோர், பொதுமைக்கு அளவுகோலாக ஓர் எழுத்து முறையைத் தெரிந்துகொண்டனர். அளவுகோலாக அமைந்த எழுத்துக்கு இடரில்லை. அளக்கப்பட்ட எழுத்துக்கே இடர் நேர்ந்தது.

3. இலக்கண முரண் என்னும் குற்றச்சாட்டு

இவ்வட்டவணையைக் குறைகூறுவோர் பெரிதும் எடுத்துக்காட்டுவது மெய்யெழுத்தைப் பற்றியதாகும். இலக்கணத்தின்படி 'க்' என்பது தனியெழுத்து. 'க' என்பது 'க்' என்னும் மெய்யும் அகரமும் கூடிய உயிர்மெய். ஒருங்குறியிலோ 'க' ஓர் இடம் பெறுகின்றது. 'க்' என்பது ககரமும் புள்ளியும் என இரண்டு இடம் பெறுகின்றது. தனித்தது கூட்டாகவும் கூட்டுத் தனித்ததாகவும் தலைகீழாயிற்று என்பது அவர் கூற்று.

இக்கூற்று முழுமையாக ஏற்கத்தக்கதன்று. எழுத்தினை இலக்கண நூலார் ஒலி, வடிவு என்னும் இருநிலையிலும் வைத்து ஆராய்ந்தனர். ஒலியளவில் மெய்யே முதல். உயிர்மெய் அதன்வழித் தோன்றுவது. வடிவளவிலோ, புள்ளி நீங்கிய மெய்வடிவம் அகரத்தோடு கூடி ஒலிக்கும் என்று தொல்காப்பியமே கூறுகின்றது. அகர உயிர்மெய்க்குத் தனிக்குறி இல்லை என்பதும், புள்ளியே மெய்யைக் காட்டும் குறி என்பதும் தமிழ் எழுத்தின் பழைய இயல்பு. ஆகவே ககரத்தின்மேல் புள்ளியை ஏற்றி மெய்யைக் குறிக்கும் முறை வடிவிலக்கணத்திற்கு ஒத்ததே.

குறை யாதெனின், ஒருங்குறி வடிவை மட்டும் கொண்டு ஒலியை விட்டது என்பதே. 'பால்' என்பதனோடு 'இல்' புணரின் 'பாலில்' ஆம். இலக்கணம் இங்கே லகர மெய்யின்மேல் இகரம் ஏறிற்று என்னும், ஒன்றும் கெடவில்லை. கணிப்பொறிக்கோ புள்ளி என்னும் குறி நீங்கி, அதனிடத்தில் இகரக் குறி வந்ததாகத் தோன்றும். இயல்பான புணர்ச்சியை அது கெடுதலும் தோன்றலுமாகக் காண்கின்றது. இதனைச் சரிசெய்தல் இயலாத செயலன்று. சில வரிகளில் எழுதத்தக்க விதியே. ஆயின் அவ்விதியை மென்பொருள் செய்வோர் ஒவ்வொருவரும் அறிந்து எழுத வேண்டும்.

தட்டச்சுப் பொறியோடு ஒப்பிடின் ஒருங்குறிக்கு ஒரு சிறப்பும் உண்டு. கொம்பு முன்னும் எழுத்துப் பின்னுமாகத் தோன்றினும், உள்ளே ககரம் முன்னும் உயிர்க்குறி பின்னுமாக ஒலிமுறையிலேயே அது சேமிக்கின்றது. இந்நன்மையை மறைத்துக் குறையை மட்டும் கூறுதல் திறனாய்வாகாது.

4. உண்மைக் குறையும் அதன் சுமையும்

இனி, மக்களைத் தொடும் குறைகளை நோக்குவாம். அவை மூவகைப்படும்.

முதலாவது வரிசைப் பிழை. அட்டவணை எண்ணின்படி சொற்களை அடுக்கும் பொறி, 'அழகு' என்பதனை முன்னும் 'அவன்' என்பதனைப் பின்னும் வைக்கும். 'அனல்' என்பது 'அப்பம்' என்பதற்கு முன் வந்து நிற்கும். அகராதியிலும் சொல்லடைவிலும் பெயர்ப்பட்டியலிலும் தமிழ் கற்றோர் தேடும் இடத்தில் சொல் இராது. ஒருங்குறியார் வரிசைப்படுத்துதற்கெனத் தனி விதிகளும், மொழிதோறும் வேறுபடும் தரவுகளும் வகுத்துள்ளனர். அவற்றைப் பின்பற்றின் நெடுங்கணக்கு முறை கிடைக்கும். எனினும் அட்டவணை எண் கேளாமலே கிடைக்கின்றது. விதியோ தேடிச் சேர்க்க வேண்டியதாக உள்ளது.

இரண்டாவது எண்ணிக்கைப் பிழையும் வெட்டுப் பிழையும். 'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்து மூன்று. ஒருங்குறியில் அது தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்து இடம் கொள்ளும். நான்கோடு நிறுத்துமாறு பணித்தால் 'தமிழ' என்று பொறி நிறுத்திவிடும். நேரசையில் தொடங்கின் பதினாறும் நிரையசையில் தொடங்கின் பதினேழும் ஒற்று நீக்கி எண்ணப்பெறும் கட்டளைக் கலித்துறை அடியை இத்தகைய பொறியைக் கொண்டு எண்ணுதல் எங்ஙனம்? புலவர்க்கு இது நகைப்புக்கு இடமாகலாம். பொதுமக்களுக்கோ இழப்புக்கு இடமாகும். தந்தையின் பெயர் கோவிந்தன் எனின் மகனின் தலைப்பெழுத்து 'கோ' ஆதல் வேண்டும். முதல் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுமாறு அமைந்த மென்பொருள் அதனைக் 'க' என்று பதியும். சான்றிதழில் ஒரு தலைப்பெழுத்தும் அடையாள அட்டையில் மற்றொன்றும் இருப்பின், இருவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அமைப்பைச் செய்தவன்மேல் விழுவதில்லை. பெயருக்கு உரியவன்மேல் விழுகின்றது.

இதனோடு தோற்றத்தில் ஒன்றாகவும் குறியீட்டில் வேறாகவும் நிற்கும் வடிவங்களையும் சேர்த்தெண்ணுக. ஔகாரக் குறியை இடவேண்டிய இடத்தில் எகர உயிர்மெய்யும் ளகரமும் அடித்தெழுதும் வழக்கம் பரவியுள்ளது. 'கௌதமன்' என்பதும் 'கெளதமன்' என்பதும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றே; பொறிக்கு வெவ்வேறு சொற்கள். மின்னூல்களில் ஒரு சொல்லாட்சியைத் தேடி, அஃது இல்லை என்று முடிவு கூறும் ஆராய்ச்சியாளர் இதனை மறத்தலாகாது.

மூன்றாவது செலவு. கைப்பேசிக் குறுஞ்செய்தி ஒன்றின் கொள்ளளவு 140 பைட்டு. ஆங்கில எழுத்தாயின் அதில் 160 அடங்கும். ஒருங்குறியாயின் 70 இடங்களே அடங்கும். 'உங்கள் கணக்கில் பணம் வரவு வைக்கப்பட்டது' என்னும் சிறுதொடரை எடுத்துக்கொள்வோம். எழுத்து 23, இடைவெளி 4, கூட்ட 27. ஒருங்குறியில் அது 39 இடம் கொள்ளும். அஃதாவது ஒரு செய்தியின் பாதிக்கு மேல் இவ்வொரு தொடருக்கே செலவாகும். செய்தி 70-ஐக் கடப்பின் இரண்டாகவும் மூன்றாகவும் பிரிந்து செல்லும். கட்டணமும் அவ்வாறே பெருகும். மக்களுக்கு அறிவிப்பு விடுக்கும் நிறுவனம் ஆங்கிலமே சிக்கனம் என்று கருதுமாயின், தமிழ் மட்டும் அறிந்த முதியவர் தம் பணத்தைப் பற்றிய செய்தியைப் பிறரிடம் காட்டிக் கேட்டறிய வேண்டியவராகின்றார்.

இக்காலத்து உரை இயற்றும் பொறிகளிலும் இந்நிலை தொடர்கின்றது. அவை உரையைத் துண்டுகளாக வெட்டிக் கையாள்கின்றன. துண்டுகளை வகுக்கும் பட்டியல் பெரிதும் ஆங்கில உரையினின்று ஆக்கப்படின், ஆங்கிலச் சொல் ஒரு துண்டாகவும் தமிழ்ச்சொல் பல துண்டாகவும் நிற்கும். துண்டின் தொகைக்கேற்பக் கட்டணம் கொள்ளுமிடத்துத் தமிழ் எழுதுவோர் கூடுதலாகக் கொடுக்க நேரும். தமிழின் மேல் வரி விதிக்கவேண்டும் என்று எவரும் தீர்மானிக்கவில்லை. ஆயினும் வரி தண்டப்படுகின்றது.

5. மாற்று முறைகளும் அவற்றின் அளவும்

இக்குறைகளைக் கண்டோர் பிற வழிகளையும் முயன்றனர். ஒருங்குறி பரவுவதற்கு முன்னர் எழுத்துரு செய்தோர் பலரும் தத்தமக்கெனக் குறியீடு வகுத்துக்கொண்டனர். பாமினி முதலிய எழுத்துருக்களில் எழுதப்பட்ட உரை, அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் பொருளற்ற உரோம எழுத்துகளாகவே தோன்றும். திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் கருவியைத் துணைக்கொள்ளும் பார்வையற்றோர்க்கு அவ்வுரை தமிழே அன்று.

1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்இணையம் மாநாட்டின் பின்னர்த் தமிழ்நாட்டு அரசு டாம், டாப் என்னும் குறியீடுகளையும் தமிழ்99 என்னும் விசைப்பலகையையும் ஏற்றது. அவற்றுள் விசைப்பலகை தனித்துப் பாராட்டத்தக்கது. ஒரே மெய் இரட்டிப்பின் முன்னதற்குத் தானே புள்ளி இடுதலும், ஙகரத்தின் பின் ககரமும் ஞகரத்தின் பின் சகரமும் வரின் மெல்லெழுத்துக்குத் தானே புள்ளி இடுதலும் அதன் இயல்பு. மெய்ம்மயக்க விதி ஒரு பொறியின் உறுப்பாக அமைந்தமைக்கு இது சிறந்த சான்று. தமிழிலக்கணத்தை அறிந்து செய்த அமைப்பு எழுதுவோன் உழைப்பைக் குறைத்தது. அதனால் பிறர்மேல் சுமை ஏறவும் இல்லை.

2010-இல் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியோடு டேஸ் 16 என்னும் குறியீட்டையும் ஏற்றது. அதில் உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் ஒவ்வொன்றும் தனித்தனி இடம் பெறுகின்றன. எண்ணுதலும் அடுக்குதலும் எளிதாம் என்பது உண்மையே. ஆயின் அவ்விடங்கள், எவரும் தம் விருப்பிற்கேற்பப் பயன்படுத்துக என்று ஒருங்குறி விட்டுவைத்த தனியார் பகுதியைச் சார்ந்தன. உலகிலுள்ள பிற பொறிகள் அவற்றைத் தமிழ் என்று அறியா. இலக்கணச் செம்மை இருந்தும் பிறர் படிக்க இயலாத ஆவணம், பழைய எழுத்துருக்களின் இடரையே மீண்டும் அழைக்கும். ஆதலின் அதனை ஆராய்ச்சிக்கும் அச்சுக்கும் உள்ளே பயன்படுத்தலாம். வெளியே வழங்குதற்கும் நெடுங்காலம் காத்தற்கும் ஒருங்குறியையே கொள்ளுதல் தகும்.

6. மாற்றவியலாமையும் பொறுப்பும்

ஓலை எழுதியோன் அடுத்த ஓலையில் திருத்தலாம். அச்செழுத்தை உருக்கி மீண்டும் வார்க்கலாம். ஒருங்குறியிலோ ஒருமுறை இடம்பெற்ற எழுத்தை நீக்குதலும் இடமாற்றுதலும் இல்லை. 1996-இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பு முதல் இவ்வுறுதி காக்கப்பட்டு வருகின்றது. சேர்த்தல் மட்டும் உண்டு. 2019-இல் தமிழின் பின்னக் குறிகளும் பிற குறிகளுமாக 51 குறிகள் தனிப்பகுதியாகச் சேர்க்கப்பட்டமை அதற்குச் சான்று. மாறாமை ஒரு வகையில் அறமே ஆகும். நேற்று எழுதியது நாளையும் படிக்கப்படுதற்கு அதுவே காவல். ஆயின் மாற்றவியலாத ஒன்றை அமைப்போர், அமைக்கும் முன்னரே அதனால் தொடப்படுவோரைக் கேட்கும் கடமை உடையர்.

கேட்டலால் விளையும் பயனுக்குச் சான்று உண்டு. கிரந்த எழுத்துக்கு ஒருங்குறியில் இடம் தருதல் பற்றி 2010-இல் எழுந்த முன்மொழிவில், எ, ஒ, ழ, ற, ன என்னும் தமிழ் எழுத்துகள் ஐந்தினையும் அப்பகுதியிற் சேர்க்கும் கருத்து இருந்தது. தமிழறிஞர் பலர் மறுப்புத் தெரிவித்தனர்; அரசும் ஆராய்ச்சி முடியும்வரை நிறுத்திவைக்க வேண்டிற்று. பின்னர் 2014-இல் கிரந்தம் தனிப்பகுதியாக வெளிவந்தபோது அவ்வைந்தும் அதில் இடம்பெறவில்லை. முடிவு செய்யுமுன் எழுப்பிய குரல் பயன் தந்தது. முடிவு செய்த பின்னர் எழும் குரலுக்கு இவ்வமைப்பில் இடமில்லை.

இதுகாறும் கூறியவாற்றான், ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி வடிவிலக்கணத்திற்கு முரணானதன்று என்பதும், பிறிதோர் எழுத்தின் சட்டகத்தை ஏற்றமையால் வரிசையிலும் எண்ணிக்கையிலும் செலவிலும் குறைபட்டது என்பதும், அக்குறையின் சுமை அமைத்தோரை விட்டு எழுதுவோர்மேலும் பெயருக்கு உரியோர்மேலும் ஏறியுள்ளது என்பதும் பெறப்படும். அட்டவணையை மாற்றக் கோருதலில் இனிப் பயனில்லை. அதன்மேல் அமையும் மென்பொருள்களே திருந்துதற்கு உரியன.

அரசு அலுவலகமோ பல்கலைக்கழகமோ நூலகமோ ஒரு மென்பொருளை விலைகொடுத்துப் பெறுமுன் மூன்று தேர்வுகள் நிகழ்த்துதல் தகும். 'தமிழ்' என்பதனை மூன்றெழுத்தென எண்ணுகின்றதா? 'அவன்' என்பதன் பின் 'அழகு' என்பதனை வைக்கின்றதா? 'கோவிந்தன்' என்பதற்குக் 'கோ' என்று தலைப்பெழுத்து இடுகின்றதா? இம்மூன்றும் தொடக்கப்பள்ளி மாணவன் விடையளிக்கத்தக்க வினாக்கள். அவற்றிற்கு விடை கூறாத பொறியை ஏற்காது திருப்பி அனுப்பும் உரிமை வாங்குவோர்க்கு உண்டு. அத்தேர்வுகளை வகுத்தும் விளக்கியும் தரும் கடமை தமிழ்த்துறைகளைச் சார்ந்ததாகும்.